எந்த மாட்டுக்கும் தீங்கு நேரவில்லை

மாட்டுக்கு ஒண்ணும் ஆகலயாம். அதை நான் மைக்ல சொல்லணுமாம். "இந்நிகழ்ச்சியில் தோன்றும் காளை உண்மையானதல்ல, எந்த மாட்டுக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை." ஒரு 'எந்த' போதாதா, ரெண்டாவது யாருக்கு, பின்னங்காலுக்கா. எழுதினவன் நிரஞ்சன், இந்த நாடகத்தோட டைரக்டர், லண்டன்ல போய் நாடகம் படிச்சுட்டு வந்தவன், அவனுக்குத் தமிழ் ஊறுகாய் மாதிரி, இலை ஓரத்துல கொஞ்சம் இருந்தா போதும். மாடே கிடையாது இங்க. ஜன்னல் திரைக்கு வாங்கின பழுப்புத் துணி, உள்ள ரெண்டு ஆம்பளைங்க, முன்னங்கால் ஒருத்தன், பின்னங்கால் ஒருத்தன், அந்தப் பின்னங்கால் மத்தியானத்துலேந்து தும்மிக்கிட்டே இருக்கான். தீங்குன்னு ஒண்ணு நேர்ந்திருந்தா அது அவனுக்குத்தான், அவனைப் பத்தி இந்தத் தாள்ல ஒரு வார்த்தை இல்ல. முதல் மணி அடிச்சாச்சு. மூணாவது மணி அடிச்சதும் விளக்கணைப்பாங்க, நான் இந்தப் பக்கத்துத் திரை ஓரமா ஸ்டூல்ல உக்காந்தபடியே மைக்க போட்டு எல்லாத்தையும் படிக்கணும். என் மூஞ்சி ஒருத்தருக்கும் தெரியாது, குரல் மட்டும் போகும். வானொலியில இருந்தப்பவும் அப்படித்தான், ஆனா அங்க ஒரு பேராவது இருந்துச்சு, "செய்திகள், வாசிப்பது செண்பகவல்லி"ன்னு நானே என் பேரைச் சொல்லிக்குவேன், அதைச் சொல்றப்ப முதுகு தானா நிமிரும். ரிட்டயர் ஆகி இங்க வந்த பிறகு அதுவும் போச்சு. இந்தச் சபாவுக்கு நான் ஒரு ஒலிபெருக்கி, பக்கத்துல வெந்நீர் ஃபிளாஸ்க் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற ஒலிபெருக்கி. தொண்டைல ஏதோ முள்ளு மாதிரி நிக்குது. ஒரு மடக்கு வெந்நீர் குடிக்கணும். குடிச்சாச்சு. இன்னும் நிக்குது.

ஓபரான்னு சொல்லணுமாம், பாட்டு நாடகம்னு சொன்னா நிரஞ்சனுக்கு முகம் சுருங்குது. காமிக் ஓபரா. பேரு 'தேவாதிதேவன் பராக்'. கிரேக்கத்து சாமிங்களையெல்லாம் கிண்டல் பண்றாங்களாம், ரொம்பப் புரட்சி. கதை என்னன்னா, அந்த ஊர் சாமிக்கெல்லாம் தலைவன் ஜீயூஸ்னு ஒருத்தன், மலை உச்சியில உக்காந்துக்கிட்டு கீழ எந்தப் பொண்ணு குளிக்கறா, எந்தப் பொண்ணு பூப் பறிக்கறான்னு பாக்கறதுதான் அவன் உத்தியோகம். பாத்துட்டு, ஒருத்திகிட்ட காளையா வருவான், இன்னொருத்திகிட்ட அன்னமா வருவான், பூட்டின வீட்டுக்குள்ள இருக்கறவகிட்ட தங்க மழையா ஓட்டு வழியா ஒழுகுவான். கடற்கரையில வெளையாடிக்கிட்டிருந்த பொண்ணு, யூரோப்பான்னு பேரு, அவ காளைய பாத்து நல்ல மாடுன்னு கழுத்துல மாலைய போடறா, முதுகுல ஏறி உக்கார்றா, அது அவளைத் தூக்கிக்கிட்டு கடல்ல இறங்கிடுது. இந்த இடத்துல டிரம் அடிப்பாங்க, ஜனங்க சிரிக்கணும். கடைசியில பொண்டாட்டிக்காரி கையுங்களவுமா புடிச்சு அவனை மேடையில உக்கார வெச்சுப் பாத்திரம் தேய்க்க வைப்பா, அவன் சோப்பு நுரையோட ஒரு பாட்டு பாடுவான், எல்லாரும் கை தட்டுவாங்க, நியாயம் ஜெயிச்சாச்சு, காபி குடிக்கப் போகலாம். அடப் பாவிங்களா, நாலு குண்டான் தேய்ச்சா தீந்துதா. இதை என்னத்துக்குக் கிரேக்கத்துலேந்து தூக்கிட்டு வரணும், நம்ம இந்திரன் இல்லையா. கௌதமர் குளிக்கப் போன நேரம் பாத்து அவர் வேஷத்துலயே உள்ள போனவன், மாட்டிக்கிட்டதும் பூனையா ஓடப் பாத்தவன். அவனுக்கு என்ன தண்டனை கொடுத்தாங்க, உடம்பெல்லாம் ஆயிரம் கண்ணு. அது தண்டனையா, இன்னும் வசதியா பாக்கறதுக்குன்னு பண்ணிக் கொடுத்த மாதிரி இருக்கு. கல்லாப் போனது அகலிகை. அவளை யாராவது முன்னாடி எச்சரிச்சிருந்தா மட்டும் என்ன ஆகியிருக்கும், வாசல்ல நின்னு கூப்பிடறது புருஷன் குரல், கதவைத் திறக்காம என்ன பண்ணுவா.

எச்சரிக்கை. அந்த வார்த்தைய இந்தச் சபாவுல ஆளாளுக்கு ஒரு மாசமா மென்னு துப்பறாங்க. முன்னோட்டக் காட்சிக்கு வந்த ஒரு டாக்டரோட மாமியாருக்கு இடி முழக்கம் கேட்டுப் படபடப்பு வந்துடுச்சு, உடனே கமிட்டி கூட்டம். வெளிநாட்டுல எல்லாம் நாடகத்துக்கு முன்னாடி எச்சரிக்கை படிப்பாங்கன்னு நிரஞ்சன் சொன்னான். வெளிநாடுன்னு காதுல விழுந்ததும் செயலாளர் தண்டபாணிக்கு முகமெல்லாம் பல்லு. நம்ம சபாவுலதான் முதல் தடவைன்னு போடுங்க, பத்திரிகைக்கு சொல்லிடுங்கன்னு ஆரம்பிச்சுட்டாரு. அப்புறம் ஒவ்வொருத்தரா சாமான் சேக்கற மாதிரி சேத்தாங்க. பளிச்சுப் பளிச்சுன்னு விளக்கு எரியும்னு ஒருத்தர். புகை வரும், ஆஸ்துமா உள்ளவங்க பின்னாடி உக்காரணும்னு ஒருத்தர். மேடையில குடிக்கறது மதுவல்ல, திராட்சைச் சாறுன்னு சொல்லியே ஆகணும்னு பொருளாளர், அவர் வாயிலேந்து வந்த வாடை மட்டும் திராட்சைச் சாறா இருந்தா நான் காசிக்குப் போறேன். மாட்டைச் சேத்தது ஆடிட்டர், மிருகவதைன்னு எவனாவது கேஸ் போட்டுடுவானாம். நிரஞ்சன் நல்ல பையன்தான், மூளை மட்டும் வெளியூர்ல தங்கிடுச்சு, அவன் உருப்படியா எழுதினது ஒரே ஒரு வரி: "அதிகாரத்தில் இருப்பவர் பெண்களைப் பலவந்தம் செய்யும் காட்சிகள் உள்ளன." அந்த வரி வந்ததும் தண்டபாணி பேனாவ எடுத்தாரு. குடும்பத்தோட வர்ற இடத்துல பலவந்தம் கிலவந்தம்னு என்ன பேச்சு இது, நல்லதா ஒரு வார்த்தை போடக் கூடாதான்னு அடிச்சுட்டு, மேல அழகா எழுதினாரு, "சில தேவ லீலைகள் இடம்பெறுகின்றன." தேவ லீலை. கமிட்டியே தலையாட்டுச்சு. அடடா, சார் தமிழே தமிழ்னு ஆடிட்டர் சொன்னாரு. நான் மூலையில உக்காந்து காராசேவு தின்னுக்கிட்டிருந்தேன். அந்தக் கையெழுத்துத் தாள்தான் இது, அடிச்ச வரி அடியில நல்லாவே தெரியுது. லீலை. கிருஷ்ணன் வெண்ணெய் திருடினா லீலை. கல்யாண மண்டபத்துக்குச் சமையல்காரன் சொல்லாம வராம போனாக்கூட இந்த ஆளு குற்றம்னு சொல்லுவாரு, இதுக்கு மட்டும் லீலை.

அவருக்கு அந்த வார்த்தை ஏன் பிடிக்கும்னு இந்தக் கட்டடத்துல இருக்கற ஒவ்வொரு பொம்பளைக்கும் தெரியும். நான் இங்க அறிவிப்பாளரா வந்த முதல் நாள், கிரீன் ரூம்ல கண்ணாடி முன்னாடி நிக்கறேன், கோரஸ்ல பாடற ஒரு அம்மா பின்னாடி வந்து என் புடவைத் தலைப்பை எடுத்து தோள்ல மடிச்சு ஊக்கு குத்துனாங்க. வாயில இன்னும் ரெண்டு ஊக்கை கவ்விக்கிட்டு, பல்லு இடுக்குல சொன்னாங்க, "தண்டபாணி சார் கார்ல ஏறாத. மாடி ஆபீஸுக்குக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டா துணைக்கு ஆள் கூட்டிக்கிட்டுப் போ. கதவைச் சாத்த விடாத." அவ்வளவுதான். அப்புறம் தலைப்பை ஒரு தட்டு தட்டி, அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அப்பவே தலை நரைச்சிருந்துச்சு, இருந்தாலும் சொன்னாங்க, யாரையும் விடறதில்ல. இதுதான் இங்க வழக்கம். புதுசா ஒரு பொண்ணு வந்தா யாராவது ஒருத்தி ஊக்கு குத்திவிடணும், குத்தறப்ப சொல்லணும். சுடிதார் போட்டுக்கிட்டு வந்த பொண்ணுங்களுக்குக்கூட துப்பட்டாவுல குத்துவோம். ஏன் குத்தறாங்கன்னு ஆம்பளைங்களுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, பொம்பளைங்க ஒருத்திக்கொருத்தி எவ்வளவு ஒத்தாசைன்னு போன ஆண்டு விழாவுல தண்டபாணியே மைக்ல பாராட்டினாரு. இன்னைக்கு நான் பிளெஸ்ஸிக்குக் குத்தினேன். பிளெஸ்ஸிதான் யூரோப்பா, மாட்டு மேல ஏறப் போறவ. தூத்துக்குடிப் பொண்ணு, கோயில் பாடகர் குழுவுல பாடிப் பாடி வந்த குரல், அது மேல போறப்ப நமக்குக் கழுத்து தானா நிமிரும். கிரேக்க உடைன்னு ஈரோட்டுப் படுக்கை விரிப்பைச் சுத்தி விட்டிருக்காங்க, தோள்ல நிக்கவே மாட்டேங்குது. நான் குத்திக்கிட்டே ஆரம்பிச்சேன், அந்தக் கார்ல மட்டும் ஏறாத கண்ணுன்னு. அவ கண்ணாடியில என்னைப் பாத்தா. கோபமா எல்லாம் பாக்கல, களைச்சுப் போயி பாத்தா. "தெரியும் ஆன்ட்டி. மேக்கப் போடற அக்கா சொல்லிட்டாங்க. வயலின் அக்கா சொல்லிட்டாங்க. போன வாரம் நீங்களே ஒருக்க சொல்லிட்டீங்க. இன்னைக்கு ஷோ முடிஞ்சதும் கார்ல வரச் சொல்லியிருக்காரு, கெஸ்ட் ஹவுஸ்ல சாப்பாடாம், இந்த நாடகத்தோட சிங்கப்பூர் போய்ப் பாடறதுக்கு யார் பேரைப் போடறதுன்னு அங்க வெச்சுத்தான் முடிவு பண்ணுவாராம். வரலைன்னா வேற பிள்ளை ரெடியா இருக்குன்னு சொல்லுதாரு. நான் என்ன செய்யணும்னு சொல்லுங்க, ஏறாதன்னு மட்டும் சொல்லாதீங்க." நான் ஊக்கைத் திரும்பவும் துணியில குத்தப் போனேன். அவளே மறுபடி கேட்டா, "எல்லாரும் எங்கிட்டயே வந்து சொல்லுதீங்களே ஆன்ட்டி. அவருகிட்ட யாராச்சும் சொல்லியிருக்கீங்களா?"

பின்னு வேண்டாம் ஆன்ட்டி, நூல் போட்டுத் தைச்சுக்கிடுதேன்னு அவளே ஊசி எடுத்துத் தைச்சுக்கிட்டா. அந்த ஊக்கு இப்ப என்கிட்ட இருக்கு, இந்தத் தாளோட மூலையில குத்தி வெச்சிருக்கேன், காத்தாடி காத்துல தாள் படபடங்காம இருக்கும். ரெண்டாவது மணி. நாற்காலியெல்லாம் டப் டப்புன்னு இறங்கற சத்தம் கேக்குது, பட்டுப்புடவை சரசரப்பு, யாரோ பாப்கார்ன் கொண்டு வந்திருக்காங்க. திரை இடுக்கு வழியா பாத்தா முதல் வரிசை முழுசா தெரியும். நடு நாற்காலியில இன்னும் ஆளில்ல, பக்கத்துல அவர் சம்சாரம் சரோஜா அம்மா மட்டும் மயில் கழுத்து நிறத்துல புடவையும் மடியில கைப்பையுமா உக்காந்திருக்காங்க, எதிரே மூடின திரைதான், அதையே ஏதோ படம் ஓடற மாதிரி பாத்துக்கிட்டு. நடு நாற்காலிக்காரர் எங்கேன்னு யோசிக்கவே வேண்டாம், அந்த அத்தர் வாசனை என் முதுகுப் பக்கம் வந்துடுச்சு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெத்தியில ஒரு பொட்டு சந்தனம், பாத்தா கோயில் கும்பாபிஷேகத்துக்குத் தலைமை தாங்க வந்தவர்னு சத்தியம் பண்ணலாம். "என்னம்மா செண்பகம், ரெடியா. அந்த லீலைங்கற இடத்த கொஞ்சம் இழுத்துக் குழைவா சொல்லுங்க, உங்க குரலுக்கு அம்சமா இருக்கும்." என் தோள்ல ஒரு தட்டு. என் வயசுக்கு அது தோள் தட்டறதோட நின்னுடும், அந்த மட்டும் எனக்கு விமோசனம். "சரிங்க சார்"னேன். சரிங்க சார்னு சொன்ன இந்த வாய்ல வசம்பை வெச்சுத் தேய்க்க. அவர் நகந்து அந்தப் பக்கம் நின்ன பிளெஸ்ஸிகிட்ட போனாரு, தலையில வெச்சிருந்த இலைக் கிரீடத்தைச் சரி பண்றாப்புல ஏதோ பண்ணினாரு, அது சரியாத்தான் இருந்துச்சு. ஏதோ சொன்னாரு. அவ சிரிக்கல, தலைய மட்டும் ஆட்டினா, தைச்ச தோள்பட்டைய ஒரு கையால புடிச்சுக்கிட்டு. காளைத் துணிக்குள்ளேந்து பின்னங்கால் தும்மினான். "ஆயுசு நூறு"ன்னு அவன் முதுகைத் தட்டிட்டு இறங்கிப் போனாரு மகானுபாவர். மாட்டுக்கு ஆசீர்வாதமே கிடைக்குது.

சொன்னா என்ன ஆகும். நாளைக்கு இந்த ஸ்டூல்ல வேற ஒருத்தி உக்காருவா. அவ்வளவுதானே. அவ்வளவுதான்னு சொல்லிட்டா ஆச்சா, எனக்கு வேற என்ன இருக்கு. வீட்டுக்காரர் போய்ச் சேந்தாச்சு, மகன் பெங்களூர்ல, வாரத்துக்கு ஒருக்க வீடியோவுல பேரன் நாக்கை நீட்டிக் காட்டுவான். வீட்டுல பேசறதுக்குக் குக்கரும் காய்கறிக்காரரும்தான், அதுலயும் காய்கறிக்காரர், அம்மா நீங்க பேசினா ரேடியோ கேட்ட மாதிரி இருக்குன்னு சொல்லி அரை கட்டுக் கொத்தமல்லி கூடப் போடுவாரு. இந்தக் குரலைப் போட்டு வெக்கறதுக்கு ஊர்ல மிச்சம் இருக்கற ஒரே இடம் இந்த மைக். அது போனா நான் யாரு, தொண்டைல முள்ளு வெச்ச ஒரு விதவை. பயமா இருக்கு, பொய் சொல்லக் கூடாது. மானநஷ்டம்னு வக்கீல் நோட்டீஸ் வரும், ஆதாரம் எங்கேம்பாங்க, கிழவிக்கு மறை கழண்டுடுச்சும்பாங்க. கமிட்டி கூடும், காராசேவு தின்னும், கலைஞ்சு போகும். பிளெஸ்ஸி பேரை இழுக்கவே கூடாது, எச்சரிக்கையில பேர் வந்தா அது அந்த ஆளு பேராத்தான் இருக்கணும். எச்சரிக்கைன்னா என்னன்னு இவங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியும், நான் படிச்சிருக்கேன். மழைக்காலம் வந்தா எங்களுக்கு ராப்பகல் கிடையாது, தாள் வர வர படிக்கணும், ஒரு எழுத்து தப்பாயிடக் கூடாது, படகு கிளம்பி நிக்கும். முதல்ல புயல் எங்க இருக்குன்னு சொல்லணும். தென்மேற்கு வங்கக் கடலில் மையம் கொண்டுள்ளது. அப்புறம் எந்தப் பக்கமா நகருதுன்னு சொல்லணும். அதுக்கும் அப்புறம்தான் மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்தறாங்களே, அது மீனவன் காதுல ரகசியமா சொல்றதில்ல, ஊரே அண்ணாந்து பாக்கறாப்புல உசரத்துல ஏத்தறது. பிளெஸ்ஸி அதைப் பாத்து வளந்த பொண்ணு. நாங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தோம் இத்தனை காலமா, புயல் எங்கேன்னு வாயைத் திறக்காம ஒவ்வொரு மீனவனையா தனியா கூப்பிட்டு, நீ மட்டும் கடலுக்குப் போகாதப்பான்னு காதுல ஓதிக்கிட்டு. அவன் கடலுக்குப் போகாம என்னத்தத் தின்பான். புயல் பாட்டுக்கு வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு முதல் வரிசையில கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு. தூ.

மூணாவது மணி. விளக்கு பாதி வரைக்கும் இறங்குது. மைக் பொத்தானை அழுத்தினா ஒரு சின்ன சிவப்புப் புள்ளி வரும், வந்துச்சு. தொண்டைல முள்ளு இருக்கா இல்லையான்னு பாக்கறதுக்கு நேரமில்ல. "வணக்கம். இன்றைய நிகழ்ச்சி குறித்த எச்சரிக்கைகள்." நல்லா வந்துச்சு குரல், பழைய குரல், நானே அசந்துட்டேன். "மேடையில் பளிச்சிடும் விளக்குகளும் புகையும் பலத்த இடியோசையும் பயன்படுத்தப்படுகின்றன. அருந்தப்படுவது திராட்சைச் சாறு." பொருளாளர் வரிசையில ஒரு கனைப்பு. "காளை உண்மையானதல்ல. எந்த மாட்டுக்கும் எந்தத் தீங்கும் நேரவில்லை." சிரிச்சாங்க, சிரிக்கறதுக்குத்தானே வந்திருக்காங்க. அடுத்த வரியில லீலை நிக்குது, அதுக்குக் கீழ அடிச்ச வரி. நான் அடிச்சதைப் படிச்சேன். "அதிகாரத்தில் இருப்பவர் பெண்களைப் பலவந்தம் செய்யும் காட்சிகள் உள்ளன." இடுக்கு வழியா பாத்தேன், கால் மேல போட்டிருந்த கால் கீழ இறங்குச்சு. தாள் முடிஞ்சுது. வாய் முடியல. "மேடைக்கு வெளியேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. சபாச் செயலாளர் திரு. தண்டபாணி அவர்கள் தற்போது முதல் வரிசையின் நடுவே மையம் கொண்டுள்ளார்." அரங்கமே கொல்லுன்னு சிரிச்சுது. நிரஞ்சன் சேத்த நகைச்சுவைன்னு நினைச்சுட்டாங்க போல, பால்கனியில விசில் அடிச்சாங்க, ஆடிட்டர் தொடையில தட்டிக்கிட்டுச் சிரிக்கறது எனக்கே தெரியுது. சிரிங்கடா. நான் செய்தி வாசிக்கற வேகத்துலயே போனேன், கூட்டாம குறைக்காம. "நிகழ்ச்சி முடிந்ததும் அவர் உடை மாற்றும் அறைகளின் வழியாக நகர்ந்து தமது காரை அடையக்கூடும். மாடி அலுவலகத்திலும் அந்தக் காரிலும் பல ஆண்டுகளாகப் பெண்களுக்குச் சேதம் நேர்ந்து வருகிறது. பெண்களுக்கு இந்த எச்சரிக்கை முன்பே சொல்லப்பட்டுவிட்டது. இது மற்றவர்களுக்கு. கரையில் இருப்பவர்கள் அவரைக் கவனித்துக்கொண்டிருக்கவும்." இன்னும் கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. ஆனா ஒருத்தர் தன்னைப் பத்தின தமாஷுக்குச் சிரிக்கறாரான்னு பாக்கறது ஜனங்களுக்கு வழக்கம், பக்கத்து வரிசைக்காரங்க எட்டிப் பாத்தாங்க. அவர் சிரிக்கல. பின்னாடி சவுண்டுக்காரங்களைப் பாத்து, அணை அணைன்னு கைய ஆட்டிக்கிட்டிருந்தாரு. அங்க மைக்கை ஏன் யாரும் அணைக்கலன்னு எனக்கு இன்னும் தெரியல. சிரிப்பு முதல் வரிசையில நின்னுச்சு, அப்புறம் ரெண்டாவதுல, அப்படியே பின்னாடி பின்னாடி போய் பால்கனி விசிலும் நின்னு போச்சு.

அவர் எந்திரிச்சாரு. நாற்காலி டப்புன்னு மடங்கின சத்தம் மைக்ல விழுந்து ஹால் முழுக்கக் கேட்டுச்சு. "சரோஜா, கிளம்பு"ன்னாரு. அந்த அம்மா கைப்பையை மடியில இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டு மூடின திரையையே பாத்துக்கிட்டிருந்தாங்க, எந்திரிக்கல. நடுப்பாதையில அவர் தனியா நடந்தாரு, வாசல் வரைக்கும், ரெண்டு பக்கமும் எல்லா தலையும் திரும்பித் திரும்பிக் கூடவே போச்சு. எதிர்ப் பக்கம் பிளெஸ்ஸி நின்னா. நன்றின்னு எல்லாம் பாக்கல அவ, வாயைத் திறந்து மூடி மூச்சை இழுத்துப் பாத்துக்கிட்டிருந்தா, பாடறதுக்கு முன்னாடி பாடகிங்க பண்ற வேலை. காளை அவ பக்கத்துல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரட்டும், வாசல்ல நின்னு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். சிவப்புப் புள்ளி இன்னும் எரியுது. இந்தச் சபாவுல இது நாள் வரைக்கும் சொல்லாத ஒண்ணு பாக்கி இருந்துச்சு. முதுகு தானா நிமிர்ந்துச்சு. "கைபேசிகளை அணைத்து வையுங்கள். எச்சரிக்கைகளை வாசித்தது, செண்பகவல்லி."